கவாரி என்ற சொல் வந்த வழி

சேகோம்மா தராசில் ஏறச் சொன்னால் ஏறித்தான் ஆக வேண்டும், மந்திரியாக இருந்தாலும் சரி. ஒருமுறை ஒரு மந்திரி வந்தார். எடை எவ்வளவு என்று கேட்டதற்கு எண்பது என்றார். ஏறச் சொன்னாள். நூற்றிரண்டு காட்டியது. கூட வந்த அதிகாரிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். சேகோம்மா நோட்டில் இரண்டு கட்டம் போட்டு, ஒன்றின் மேல் 'வாய்' என்றும் மற்றதன் மேல் 'தராசு' என்றும் எழுதி, இரண்டையும் நிரப்பிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அன்றிலிருந்து மவுன் ஊரில் வாய்க்கிலோ என்று ஒரு சொல் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் நாற்பது மாடு இருக்கிறது என்று சொன்னால், பெண்ணின் தாய்மாமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அது வாய்க்கிலோவா தராசுக்கிலோவா என்று கேட்பார். கேட்காவிட்டால் அவர் என்ன தாய்மாமன்?

விமானம் வாடகைக்கு விடுகிற லூட்டர் கம்பெனியின் மேசை அவளுடையது. மொத்தம் ஐந்து விமானம். ஆறு சீட்டு மூன்று, நாலு சீட்டு இரண்டு. ஓட்டத் தெரிந்தவன் லைசென்ஸைக் காட்டிச் சாவி வாங்கிக்கொண்டு போவான். கார் வாடகைக்கு எடுக்கிற மாதிரிதான், விழுந்தால் கொஞ்சம் உயரத்திலிருந்து விழுவான், அவ்வளவு வித்தியாசம். காட்டுக்குள் விடுதி நடத்துகிறவர்கள், நிலம் அளக்கிறவர்கள், மாடு வாங்கப் போகிற பெரிய பண்ணைக்காரர்கள், சுவிட்சர்லாந்தில் பல் பிடுங்கிச் சம்பாதித்து விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட டாக்டர்கள், இவர்கள்தான் வாடிக்கை. சாவி கொடுப்பது, ஆளையும் பையையும் நிறுப்பது, டாங்கில் குச்சி விட்டு எண்ணெய், அதாவது விமானப் பெட்ரோல், எவ்வளவு என்று பார்ப்பது, திரும்பி வந்தால் மணிக்கணக்கு எழுதுவது, எல்லாம் அவள் வேலை. இருபத்தெட்டு வருஷமாக அந்த மேசையில் இருக்கிறாள். ஒரு நாள்கூட விமானத்தில் ஏறியதில்லை. ஏன் என்று கேட்டால், யார் எண்ணெய் ஊற்றினான், யார் போல்ட் முறுக்கினான், ஓட்டுகிறவன் நேற்று எங்கே உட்கார்ந்து எவ்வளவு குடித்தான் என்று எல்லாம் தெரிந்த பிறகு எவளாவது ஏறுவாளா என்பாள்.

அவள் சொந்தப் பேர் செதுன்யா. அந்தப் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிட ஆள் கிடையாது. பிள்ளை பெற்றவளைப் பிள்ளை பேரால் கூப்பிடுவதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. மூத்தவள் சேகோ பிறந்த நாளிலிருந்து அவள் சேகோம்மா. செதுன்யா என்பது சம்பளச் சீட்டில் மட்டும் மாதம் ஒருமுறை தலைகாட்டும்.

இந்த ஒராத்திலே என்கிற பெண் வந்துதான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டாள். ஊர் ரேடியோவில் வேலை. இருபத்தைந்து வயசு, கேள்வி கேட்டே பிறந்தவள். மவுனில் மட்டும் புழங்குகிற வார்த்தைகளை எடுத்து, வாரம் ஒன்றாக, அது எப்படி வந்தது என்று ஞாயிற்றுக்கிழமை ஒலிபரப்பப் போவதாகச் சொன்னாள். பாதி வார்த்தைகள் விமான நிலையத்திலிருந்து வந்தவை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் சேகோம்மாவைக் கேள் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் வாரம் வாய்க்கிலோ. மந்திரி பேரை மட்டும் விட்டுவிட்டார்கள். அவருக்குத் தெரியாமல் இருக்காது.

இரண்டாம் வாரம் ஈரமும் காய்ந்ததும். எண்ணெயோடு வாடகைக்கு எடுத்தால் ஈரம், எண்ணெய் அவரவர் பாடு என்றால் காய்ந்தது. இது உலகம் முழுக்க உள்ள தொழில் வழக்கு, மவுனுக்கு அதில் பெருமை இல்லை. ஆனால் கான்சி பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர், மழைக்காலத்தில் சும்மாவே நனைகிற விமானத்துக்கு ஈர வாடகை எதற்கு, நான் என்ன ஏமாளியா என்று முதலாளி லூட்டரோடு முக்கால் மணி நேரம் சண்டை போட்டார். கடைசியில் காய்ந்ததாகவே எடுத்துக்கொண்டு ஓடுபாதை முனைவரை போய், எண்ணெய் தீர்ந்து அங்கேயே நின்றார். அதற்குப் பிறகு கல்யாணத்துக்குக் கைநிறையக் கொண்டுபோனால் ஈரமாகப் போகிறான் என்றும், வயிற்றை மட்டும் கொண்டுபோனால் காய்ந்து போகிறான் என்றும் ஊர் பேச ஆரம்பித்தது.

மூன்றாம் வாரம் ஆடு. வேட்டைக்காரன் ஒருவன் சாக்கைக் கட்டி, கூடாரத் துணி என்று எழுதிக் கொடுத்தான். தராசில் வைத்தபோது கூடாரத் துணி 'மே' என்றது. இப்போது மவுனில் மறைத்து வைத்த எதுவும் ஆடுதான். சம்பள நாளன்று புருஷனைப் பார்த்துப் பெண்டாட்டி கேட்பாள், பையில் ஆடு ஏதாவது இருக்கிறதா என்று.

நிகழ்ச்சி நன்றாக எடுபட்டது. மினிபஸ்ஸில் டிரைவர்கள் சத்தம் கூட்டி வைத்தார்கள். சேகோம்மாவுக்கும் உள்ளூர ஒரு மிதப்பு. ஞாயிறு ஜெபத்துக்குப் போனால் கோயிலில் பெண்கள் அவளுக்கு முன்வரிசையில் இடம் விட்டார்கள்.

நான்காம் வாரத்துக்கு ஒராத்திலே ஒலிப்பதிவு மெஷினை மேசைமேல் வைத்து, பித்தானை அழுத்தி, சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"கவாரி. இது எங்கேருந்து வந்துச்சு சேகோம்மா? போர்த்துக்கீசு வார்த்தைன்னு எங்க மேனேஜர் சொல்றாரு."

சேகோம்மா பித்தானைத் தானே அணைத்தாள்.

"ஒரு வாரம் பொறு" என்றாள்.

கவாரி என்றால் அடித்துவிடுவது. எல்லாத் திருட்டும் கவாரி ஆகாது. பூட்டை உடைத்தால் அது வெறும் திருட்டு. பொறுப்பில் இருப்பவனே பொறுப்பில் உள்ளதிலிருந்து கொஞ்சமாக, தெரியாமல் எடுத்தால் அதுதான் கவாரி. லாரி டாங்கில் கவாரி பண்ணுவான், கடைச் சர்க்கரையில் கவாரி பண்ணுவாள், பந்தியில் ஒருவன் எழுந்து கை கழுவப் போனால் பக்கத்தில் இருப்பவன் அவன் தட்டுக் கறியில் கவாரி பண்ணுவான். சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அந்தப் பேரில் ஒரு மனிதன் இருந்தான் என்பதுதான் யாருக்கும் தெரியாது. செஹித்வா கிராமத்தில் அவர் இப்போதும் இருக்கிறார், மாடு மேய்க்கிறார் என்பது சேகோம்மாவுக்குத் தெரியும். இருபத்தொரு வருஷமாகத் தெரியும்.

நடந்தது இதுதான். தொண்ணூற்றெட்டு நவம்பர். மழை வராமல் போக்குக் காட்டிக்கொண்டிருந்த மாசம். தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தவன் பாதி வெந்துவிடுவான். ஒரு சுவிஸ் பல் டாக்டர், அவர் மனைவி, இரண்டு நண்பர்கள், இரண்டு ஆள் எடைக்கு கேமரா. எல்லாரையும் நிறுத்தாயிற்று. எடை தாறுமாறாக வந்ததால் எண்ணெயைக் குறைத்தாக வேண்டும். இறக்கைக்கு அறுபது லிட்டர், மொத்தம் நூற்றிருபது, அதற்கு மேல் கூடாது என்று சேகோம்மா சீட்டு எழுதினாள்.

எண்ணெய் ஊற்றுகிறவர் கவாரி. ஹெரேரோ இனத்துக்காரர், நாற்பத்தைந்து வயசு, நெடுநெடுவென்று உயரம். அந்தக் காலத்தில் மீட்டர் வைத்த பம்பு கிடையாது. பீப்பாயில் கைப்பம்பு, ஒரு அடிக்கு அரை லிட்டர். கவாரி தன் மொழியில் சத்தமாக எண்ணிக்கொண்டே அடிப்பார். இறக்கைக்கு நூற்றிருபது அடி. அவர் எண்ணுவது வேறு யாருக்கும் புரியாது. புரியாததால் யாரும் குறுக்கே பேசியதும் இல்லை.

அதன் பிறகு குச்சி. இந்தச் சின்ன விமானங்களில் எண்ணெய் முள் காட்டுவதை நம்பியவன் உயிரோடு இல்லை. அதனால் முக்வா மரத்தில் செய்த குச்சியை டாங்கில் விட்டு எடுத்து, ஈரம் எந்தக் கோடுவரை இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒரு விமானத்துக்கு ஒரு குச்சி. விமானத்தின் பேரில் உள்ள கடைசி எழுத்தைக் குச்சித் தலையில் சூடு போட்டிருக்கும். ஆறு சீட்டின் டாங்க் ஆழம், நாலு சீட்டின் டாங்க் மட்டம். ஒன்றின் குச்சியை மற்றதில் விட்டால் பொய் சொல்லும்; ஆறு சீட்டின் குச்சி நாலு சீட்டில் குறைத்துக் காட்டும். ஐந்து குச்சியும் மேசைக்குப் பின்னால் ஐந்து ஆணியில் தொங்கும். அதைத் தொடுகிற உரிமை சேகோம்மாவுக்கு மட்டும். குச்சி பார்க்காமல் சாவி கொடுத்தால் அன்றைக்கே வேலை போய்விடும் என்பது லூட்டர் சட்டம்.

முந்தின நாள் சாயங்காலம் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். குச்சிகளைக் கழற்றித் துடைத்து, காலையில் திரும்ப மாட்டியது அவள்தான்.

டாக்டர் எடுத்தது நாலு சீட்டு. சேகோம்மா ஏணியில் ஏறி, குச்சி விட்டாள். இடது இறக்கை நாற்பது. வலது இறக்கை நாற்பது. நாற்பது லிட்டர் குறைகிறது. லூட்டர் அங்கேதான் நின்றார். நாற்பது லிட்டர் என்றால் இருபது லிட்டர் கேன் இரண்டு. கவாரியின் பழைய பிக்கப்பில், தார்ப்பாய்க்குக் கீழே, இருபது லிட்டர் கேன் இரண்டு இருந்தன. காலி, ஆனால் பெட்ரோல் வாசம். எங்கேயோ கொண்டுபோய் ஊற்றிவிட்டான் என்று லூட்டர் முடிவு கட்டினார். மாட்டுப்பட்டியில் தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்குப் பெட்ரோல் கொண்டுபோகிற கேன்கள் அவை, எல்லாருக்கும் தெரியும். ஆனால் கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்திவிட்டால் யாருக்குத்தான் மற்றது ஞாபகம் வரும்? லூட்டருக்கு வரவில்லை. பத்தே நிமிஷத்தில் வேலையை விட்டுத் துரத்தினார். கவாரி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். லூட்டரே மேலும் நாற்பது லிட்டர் அடித்து, பல் டாக்டரை அனுப்பிவைத்தார். ஓடுபாதையின் கடைசிப் புல்லைத் தொட்டுக்கொண்டுதான் அந்த விமானம் கிளம்பியது. வெயில் என்று எல்லாரும் சொன்னார்கள்.

சாயங்காலம் குச்சிகளை வரிசையாகப் பார்த்தபோதுதான் சேகோம்மாவுக்குத் தெரிந்தது, நாலு சீட்டின் ஆணியில் ஆறு சீட்டின் குச்சி தொங்கியது என்று. அதிலேயே ஈரக் கறையும் இருந்தது. இரண்டையும் மாற்றி மாட்டினாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனாள். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயசு, சேகோவுக்கு இரண்டு, புருஷன் என்று சொல்ல ஆள் இல்லை. சொன்னால் வேலை போகும், அதில் சந்தேகமே கிடையாது. அவளுக்குப் பயம். அதற்கு மேல் அழகான காரணம் எதுவும் இல்லை.

மறுநாள் அவள் வாயைத் திறப்பதற்குள் பைலட்டுகள் வாயைத் திறந்துவிட்டார்கள். "என் டாங்க்ல கவாரி பண்ணிட்டாங்களான்னு பாரு" என்றான் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள். அந்த வாரக் கடைசியில் வார்த்தை மதுக்கடைக்குப் போனது. மாதக் கடைசியில் பஸ் நிலையத்துக்கு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த வார்த்தை தினமும் அவள் காதில் விழுந்தது. தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்றாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பழி செஹித்வாவில் மாடு மேய்த்தது, பாவம் மவுனில் மேசையில் உட்கார்ந்து சாவி கொடுத்தது.

ரேடியோப் பெண் கொடுத்த ஒரு வாரத்தில், சனிக்கிழமை, சேகோம்மா செஹித்வாவுக்கு மினிபஸ் ஏறினாள். இரண்டு கிலோ சர்க்கரையும் தேயிலையும் கொண்டுபோனாள். பாதி வழியில் டிரைவரும் கண்டக்டரும் சில்லறைக்காகச் சண்டை போட்டார்கள். நீ கவாரி பண்ணினாய் என்று ஒருவன், உங்கப்பன் கவாரி பண்ணினான் என்று மற்றவன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கவாரிக்கு இப்போது அறுபத்தாறு. வேலிக்குள் கன்றுக்குட்டி ஒன்றுக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் யார் என்று கேட்கவில்லை. வேலையை முடித்துவிட்டுத்தான் கையைத் துடைத்தார். நாற்காலி போட்டார். புளித்த பால் கொடுத்தார். மழை, மாடு, கோமாரி, உடம்பு, பிள்ளைகள் என்று பேச வேண்டியதை எல்லாம் வரிசையாகப் பேசினார்கள். அப்படிப் பேசாமல் நேராக விஷயத்துக்குப் போவது எங்கள் பக்கம் வழக்கமில்லை, செத்த வீடானாலும்.

பெரிய மகள் ரண்டூவில் டீச்சராக இருக்கிறாளாம். வேலையில் சேரும்போதே அப்பா பேரை விட்டுவிட்டு அம்மா வீட்டுப் பேரைப் போட்டுக்கொண்டாளாம். "அவளைச் சொல்லிக் குத்தமில்ல. படிக்கிற காலத்துல வகுப்புல யாரு பென்சில் காணாமப் போனாலும் எல்லாரும் அவளத்தான் திரும்பிப் பாப்பாங்களாம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சேகோம்மா பால் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வரும் வழியெல்லாம் கட்டி வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை.

"அண்ணே, அன்னைக்கு நீங்க எடுக்கல. குச்சி மாறிப் போச்சு. மாத்தி மாட்டினது நான்தான். சாயங்காலம்தான் எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லல."

கவாரி தன் கிண்ணத்தையும் கீழே வைத்தார்.

"சாயங்காலமா?" என்றார்.

"ஆமாண்ணே."

"நான் அப்பவே சொன்னேனே. ஏணிக்குக் கீழ நின்னு உங்கிட்ட சொன்னேன். இது ஆறு சீட்டு குச்சி, தலையில எழுத்தப் பாரு தங்கச்சின்னு. ஒருதடவை இல்ல, நாலு தடவை சொன்னேன்."

"எங்கிட்டயாண்ணே?" என்றாள்.

"என் பாஷையில இல்ல, உங்க ஊர்ப் பாஷையிலதான் சொன்னேன். லூட்டருக்கு அது வராது. கெட்ட வார்த்தையும் பத்து வரைக்கும் எண்ணவும்தான் தெரியும். அங்க இருந்தவங்கள்ல நான் சொன்னது புரிஞ்ச ஆளு நீ ஒருத்திதான். நீ நோட்டப் பாத்துக்கிட்டே இருந்த."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். மாட்டின் வயசைச் சொல்கிற மாதிரி சொன்னார். சேகோம்மாவுக்கு அந்த நோட்டு அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. நீலக் கோடு போட்ட தாள். அதில் எழுத ஒன்றும் இல்லை. எழுதுகிற மாதிரி பேனாவை வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். காதில் எல்லாம் விழுந்தது. இருபத்தொரு வருஷமாக அவள் தனக்குத்தானே சொல்லி வைத்திருந்த கதையில் இந்த இடம் இல்லவே இல்லை. அந்தக் கதையில் கவாரி ஏதோ சொன்னார், அவ்வளவுதான். என்ன சொன்னார் என்பதை அவளே அழித்துவிட்டிருக்கிறாள். அழுதாள். கவாரி அழ விட்டார், நிறுத்தச் சொல்லவும் இல்லை, தேற்றவும் இல்லை.

அழுது முடித்ததும், ரேடியோவில் சொல்லலாமா என்று கேட்டாள்.

"சொல்லு. ஆனா குச்சி மாறினதோட நிறுத்தாத. நான் சொன்னதையும் சொல்லு. நீ குனிஞ்சதையும் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். ஒராத்திலே சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள். நடுவில் எங்கே சிரிப்பது என்று தெரியாமல் தவித்து, கடைசியில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டாள். கல்யாணப் பாட்டு. கைக்கு அதுதான் கிடைத்தது.

திங்கட்கிழமை லூட்டர் வந்தார். இப்போது எழுபத்துநாலு, கைத்தடி. அவருக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தார்கள். மேசைக்கு எதிரே நின்றார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம் நீ."

"சொல்லியிருந்தா என்னைத் துரத்தியிருப்பீங்க."

"துரத்தியிருப்பேன்" என்று ஒத்துக்கொண்டார். பிறகு, இப்போது துரத்தினால் மேசையை யார் பார்ப்பது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு உள்ளே போனார். அந்த வாரமே கவாரிக்கு ஒரு கடிதம் போட்டார். கவாரி அதைப் படித்தாரா, அடுப்பில் போட்டாரா தெரியாது.

ஊர் என்ன செய்தது? ஐயோ பாவம் என்றது. கோயிலில் முன்வரிசை இடம் மறுபடி நிறைந்துவிட்டது. சேகோம்மா மூன்றாம் வரிசைக்குப் போனாள். மற்றபடி எல்லாரும் முன்போலவே கவாரி பண்ணினான், கவாரி அடித்தான் என்றார்கள். செவ்வாய்க்கிழமை காலையிலேயே, இப்போது எண்ணெய் ஊற்றுகிற மொத்தூசி வந்து, ராத்திரி யாரோ கேனில் கவாரி பண்ணிவிட்டான் என்றான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்கோங்க சேகோம்மா. ஆனா வேற எப்படிச் சொல்றது? வேற வார்த்தை இல்லையே."

அது நியாயமான கேள்வி. ஒரு வார்த்தையைச் சும்மா பிடுங்கி எறிய முடியாது. அது உட்கார்ந்திருந்த இடத்தில் இன்னொன்றை உட்கார வைத்தாக வேண்டும். சேகோம்மா யோசித்தாள்.

"என் பேரைச் சொல்லு."

"சேகோம்மான்னா?"

"என் மக பேர விடு. அவ என்ன பண்ணினா? என் சொந்தப் பேரு செதுன்யா. சும்மாதான் கிடக்கு. செதுன்யா பண்ணிட்டான்னு சொல்லு."

மொத்தூசி சொல்லிப் பார்த்தான். வயசில் பெரியவளின் பேரைத் திருட்டுக்குச் சொல்ல வாய் வரவில்லை. மூன்றாம் தடவை வந்தது. அவள் சாவிப் பெட்டியைப் பூட்டி, மேலே ஒரு அட்டையை ஒட்டினாள். இந்த மேசையில் கவாரி என்று சொல்பவனுக்குச் சாவி கிடையாது. செதுன்யா என்று திருத்திச் சொன்னால் உண்டு.

விளையாட்டு என்று நினைத்தார்கள். நியூசிலாந்துக்காரப் பைலட் ஒருவன் வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தான். மதியம்வரை வெயிலில் உட்கார்ந்திருந்தான், விமானமும் உட்கார்ந்திருந்தது. லூட்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார், வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பைலட்டுகளுக்கு எந்தப் பேராக இருந்தால் என்ன, சாவி வந்தால் சரி. அவர்கள் வாயிலிருந்து மதுக்கடைக்குப் போனது. மதுக்கடையிலிருந்து பஸ் நிலையத்துக்குப் போனது. போன தடவை எந்த வழியில் போனதோ அதே வழிதான், கொஞ்சம் மெதுவாக.

கோயில் பெண்கள் டீ போட்டபோது ஒருத்தி, டப்பாவில் யாரோ சர்க்கரையை செதுன்யா பண்ணியிருக்கிறார்கள் என்றாள். சொன்னவளுக்கு அது யார் பேர் என்று தெரியாது. தெரிந்தவர்கள் டம்ளரைப் பார்த்தார்கள். சேகோம்மா எழுந்து டம்ளர்களைக் கழுவப் போனாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

ஃபிரான்சிஸ்டவுனில் பாங்கில் வேலை பார்க்கிற சேகோ போன் செய்தாள். மவுன்காரன் ஒருவன் பக்கத்து மேசைக்கு மாற்றலாகி வந்திருக்கிறான். கல்லாவில் ஐம்பது பூலா குறைந்தால் அவன் என்ன சொல்கிறான் தெரியுமா என்று கேட்டாள்.

"அது எங்கம்மா பேருன்னு சொல்ல வாயெடுத்தேம்மா. சொல்ல முடியல. ஃபைலப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டேன். ஏம்மா இப்படிப் பண்ணின? ஒரு மன்னிப்பு கேட்டா போதாதா?"

சேகோம்மா பதில் சொல்ல நினைத்தாள். அதற்குள் சேகோவின் போன் கார்டு தீர்ந்துபோனது. சேகோம்மா தானே ஒரு கார்டு வாங்கித் திருப்பிக் கூப்பிடவில்லை.

எட்டு மாசம் கழித்து, ஜூலை மாசக் குளிரில் ஒரு காலை, மேசைப் போன் அடித்தது. வெளியே ஒரு வாடிக்கைக்காரர் தராசில் ஏறி நின்றுகொண்டிருந்தார். அவரை அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு எடுத்தாள்.

"நான்தான், செஹித்வாவுலேருந்து" என்றது குரல்.

அவள் எழுந்து நின்றாள். மழை, மாடு, உடம்பு எல்லாம் கேட்டார்கள். எல்லாம் நலம். பெரிய மகள் லீவுக்கு வந்திருக்கிறாளாம்.

"இன்னைக்கு எங்க ஊரு பெட்ரோல் பம்புல நின்னேன்" என்றார் கவாரி. "லாரிக்காரன் ஒருத்தன் கத்திக்கிட்டிருந்தான். டாங்க்ல செதுன்யா பண்ணிட்டாங்கன்னு. நான் பக்கத்துலதான் நிக்கிறேன். என் பேரு அவனுக்குத் தெரியும், பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல."

"சந்தோஷமாண்ணே?"

"வருத்தப்படுவேனோன்னு நெனச்சேன். படல. சந்தோஷமாத்தான் இருந்துச்சு. கூட என் மக நின்னா. அவளும் கேட்டா. உனக்கு எப்படி இருக்கு?"

தராசில் நின்றவர் இறங்கலாமா என்று சைகையில் கேட்டார். அவள் கவனிக்கவில்லை.

"வலிக்குதுண்ணே."

"ஆமா" என்றார் கவாரி. "காலையில எந்திரிக்கும்போது அதிகமா இருக்கும். போகப் போகப் பழகிடும்னு சொல்லுவாங்க, நம்பாத. பழகாது."

மாடுகள் தண்ணீருக்கு வந்துவிட்டன, போகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.